பிரிண்டரில் கிடந்த எண்

இரண்டாம் மாடி நடைபாதையின் முனையில் இருந்த பிரிண்டர் எப்போதும் வெந்நீர் போட்ட குளியலறை மாதிரி வெதுவெதுப்பாக இருக்கும். மகளின் பள்ளிச் சுற்றுலாவுக்குக் கையெழுத்துப் போட வேண்டிய படிவம் ஒன்றை அச்சுக்கு அனுப்பிவிட்டு, எடுத்துவர எழுந்து போனாள் வலைக்காரி. தட்டில் இரண்டு தாள்கள் கிடந்தன. கீழே படிவம். மேலே ஒரு வரைபடம்.

வரைபடத்தின் வலது மேல் மூலையில் சின்ன எழுத்தில் இரண்டு வரிகள் இருந்தன. முதல் வரி, "மறைப்பு நீக்கப்பட்டது." இரண்டாவது வரியில் ஓர் எண். மைனஸ் பூஜ்யம் புள்ளி எட்டு ஒன்பது.

படிக்க வேண்டும் என்று படிக்கவில்லை. கண்ணில் விழுந்துவிட்டது. தாளைக் குப்புறக் கவிழ்த்து வைத்துவிட்டு, படிவத்தை உருவிக்கொண்டு அறைக்குத் திரும்பினாள். நாற்காலியில் உட்கார்ந்து, படிவத்தில் கையெழுத்தைத் தப்பான இடத்தில் போட்டாள். கண்ணாடிச் சுவர் வழியாகப் பார்த்தால், எல்லோரும் பூட்டு என்று கூப்பிடும் கணினி நிர்வாகி மூச்சிரைக்க ஓடிவந்து பிரிண்டரில் கிடந்த தாளை எடுத்து, நாலாக மடித்துச் சட்டைப் பையில் திணித்து, இருபக்கமும் பார்த்துவிட்டுப் போனார்.

அவள் ஏன் அப்படிப் பதறினாள் என்று புரிய வேண்டுமென்றால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

அவள் விண்ணியற்பியல் ஆய்வாளர். கோடிக்கணக்கான விண்மீன் மண்டலங்கள் வானத்தில் சீராகச் சிதறிக் கிடக்கவில்லை, மீன்வலை போல இழைகளும் முடிச்சுகளும் நடுவில் பெரிய பெரிய வெற்றிடங்களுமாகப் பின்னிக் கிடக்கின்றன. முனைவர் பட்டத்துக்கு அந்த வெற்றிடங்களைத்தான் எண்ணினாள். "ஒண்ணுமில்லாத இடத்தைப் பத்தி முந்நூறு பக்கம் எழுதியிருக்கா" என்று வீட்டில் அதைப் பெருமையாகவும் கேலியாகவும் சொல்வார்கள். வலைக்காரி என்ற பெயர் அப்போது ஒட்டியது. பிறகு ஓர் ஊரில் இரண்டு வருடம், இன்னோர் ஊரில் மூன்று வருடம் என்று ஒப்பந்தம் முடிய முடிய மூட்டை கட்டினாள். கணவன் மருந்தாளுநர். ஒவ்வொரு முறையும் அவளோடு கிளம்பி, புது ஊர் சட்டப்படி உரிமத் தேர்வை மறுபடி எழுதுவான். மூன்று தடவை எழுதியாயிற்று. "என்னை மாதிரி ஒரே பாடத்தை மூணு தடவை பாஸ் பண்ணவன் எவனும் இல்ல" என்பான்.

கடைசியாக வந்து சேர்ந்த இடம் இது. பதினோரு வருடமாக ஒரே வேலை. நாலு கோடி விண்மீன் மண்டலங்களின் தூரங்களை அளந்து, வலையின் கண்கள் காலப்போக்கில் எப்படி விரிந்தன என்று பார்ப்பது. அண்டத்தை வேகவேகமாக விரியச் செய்யும் ஏதோ ஒன்று இருக்கிறது. அது என்னவென்று யாருக்கும் தெரியாததால் கரும் ஆற்றல் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அது என்றைக்கும் மாறாத ஒன்று என்றால் கணக்கின் கடைசியில் வர வேண்டிய எண் மைனஸ் ஒன்று. அதிலிருந்து நன்றாக விலகி வந்தால் கரும் ஆற்றல் மாறிக்கொண்டிருக்கிறது என்று பொருள். பாடப்புத்தகங்களைத் திருத்த வேண்டியிருக்கும்.

இதில்தான் மறைப்பு வருகிறது. மனிதர்களுக்கு ஆசை உண்டு. எந்த எண் வர வேண்டும் என்று முன்கூட்டித் தெரிந்தால், அது வரும்வரை கணக்கைத் தட்டிக்கொட்டிப் பார்ப்பார்கள், வந்ததும் நிறுத்திக்கொள்வார்கள். அதனால் குழுவின் கணினி நிர்வாகி ஆரம்பத்திலேயே எல்லா அளவுகளையும் ஒரு ரகசிய அளவுக்கு நகர்த்தி வைத்துவிட்டார். அந்த ரகசியம் அவர் ஒருவருக்கு மட்டும் தெரியும். அதனாலேயே அவர் பெயர் பூட்டு. எந்தப் பிழையை எப்படித் திருத்துவது என்று நாற்பது பேரும் சண்டை போட்டு, முடிவெடுத்து, எழுதிக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் மறைப்பை நீக்குவார்கள். அன்றைக்கு என்ன எண் வருகிறதோ அதுதான். பிறகு ஒரு புள்ளியைக்கூட மாற்றக் கூடாது.

அந்த எண்ணைத்தான் அவள் பார்த்துவிட்டாள்.

முதல் வாரம் யாரிடமும் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லையே. பார்க்காத மாதிரி இருந்துவிட்டால் போயிற்று என்று நினைத்தாள். ஆனால் குளிக்கும்போது அந்த எண் வந்தது. பேருந்தில் முன்னிருக்கைக்காரரின் தொப்பியைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது வந்தது. அந்த எண் உண்மையென்றால் கரும் ஆற்றல் மாறுகிறது. தன் பெயர் முதலில் வரும் கட்டுரை. அதுவும் நிரந்தர வேலைக்கான தேர்வுக் குழு இரண்டு மாதத்தில் கூடப்போகிற நேரத்தில்.

இரண்டாம் வாரம் வியாழக்கிழமை குழுக் கூட்டம். குழுத் தலைவி அறுபதை நெருங்கும் பெண்மணி, எல்லோருக்கும் கேப்டன். அன்றைய விவாதம் தென் துண்டு பற்றியது. வானத்தின் தெற்கு ஓரத்தில் ஒரு பகுதியைப் படமெடுத்த இரண்டு மாதமும் மெல்லிய மேகம் இருந்தது. மங்கலான மண்டலங்கள் சில தவறிப்போயிருக்கலாம். அந்தத் துண்டைக் கணக்கில் வைத்துக்கொள்வதா, வெட்டிவிடுவதா?

வெட்ட வேண்டும் என்று வாதாடியவன் குழுவின் புள்ளியியல்காரன். எதற்கும் இன்னும் ஒரு வாரம் கேட்பவன் என்பதால் வாய்தா.

"மேகத்தை நம்பி எப்படி எண்ணறது? வெட்டிடலாம். வேணும்னா ஒரு வாரம் கொடுங்க, இன்னும் சரியா சொல்றேன்" என்றான் வாய்தா.

"மேகம் இருந்த பகுதின்னு பார்த்தா பாதி வானத்தை வெட்டணும்" என்றாள் வலைக்காரி. "திருத்தறதுக்கு நம்மகிட்ட வழி இருக்கு. வெச்சுக்கலாம்."

பத்து நிமிடம் விடாமல் பேசினாள். எழுந்து பலகையில் படம் போட்டாள். வாய்தா குறிப்பேட்டை மூடி வைத்தான். கேப்டன்கூடத் தலையாட்டினார்.

கூட்டம் முடிந்து தண்ணீர் பிடிக்கப் போனவள், குழாயடியில் பாட்டில் நிரம்பி வழிவதைக்கூடக் கவனிக்காமல் நின்றாள். ஒரு மாதத்துக்கு முன்பு இதே தென் துண்டைப் பற்றி அவளே கேப்டனுக்கு எழுதிய கடிதத்தில், "எனக்கு இரண்டு மனசாக இருக்கிறது" என்று எழுதியிருந்தாள். இடையில் மேகமும் மாறவில்லை, கணக்கும் மாறவில்லை. பிறகு எங்கிருந்து வந்தது இவ்வளவு ஆவேசம்? துண்டை வெட்டினால் எண் ஆட்டம் காணலாம். பார்த்த எண்ணைக் காப்பாற்றத்தான் பேசினேனா? நல்ல காரணங்களைத்தான் சொன்னாள், ஒவ்வொன்றும் சரியான காரணம். ஆனால் காரணம் முதலில் வந்ததா, ஆசை முதலில் வந்ததா என்று அவளுக்கே தெரியவில்லை.

இனிமேல் கூட்டத்தில் வாயே திறக்கக் கூடாது என்று தீர்மானித்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

மாடி அறையில் நாத்தனார் குடியிருந்தாள். கணவனின் தங்கை, பள்ளிக்கூட ஆசிரியை. பள்ளி அங்கிருந்து இரண்டு நிறுத்தம். நாத்தனார் என்றால் வழக்கமாக நினைப்பதற்கு நேர்மாறு. அண்ணனோடு சண்டை வந்தால் அண்ணி பக்கம் நிற்பவள். அன்று மாலை இருவரும் கொடியிலிருந்து எடுத்த துணிகளைக் கூடத்தில் குவித்து மடித்துக்கொண்டிருந்தார்கள்.

"என்ன அண்ணி, ஒரே காலுறையை நாலு தடவை மடிச்சுட்டீங்க" என்றாள் நாத்தனார்.

வலைக்காரி எண்ணைச் சொல்லாமல் நடந்ததை மட்டும் சொன்னாள். நாத்தனாருக்கு அண்டமும் தெரியாது, ஆற்றலும் தெரியாது. ஆனால் கேட்டு முடித்ததும், "அட, இது எங்க பேப்பர் திருத்தற சமாச்சாரம்தானே" என்றாள்.

"எப்படிச் சொல்ற?"

"பொதுத்தேர்வுப் பேப்பர்ல பேரு, நம்பர் எல்லாத்தையும் மறைச்சுத்தானே எங்ககிட்ட கொடுப்பாங்க. போன வருஷம் ஒரு கட்டுல ஒரு கையெழுத்து. ஏழு போடறப்ப நடுவுல கோடு, அதுக்கு ஒரு சுழி. பார்த்ததுமே தெரிஞ்சுபோச்சு, எதிர்வீட்டுப் பொண்ணு. நம்ம வீட்ல உக்காந்து கணக்குப் போடுமே, அது."

"என்ன பண்ணினே?"

"திருத்தினேன். எழுபத்தொண்ணு வந்துது. அப்புறம் பேனாவைக் கையில வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன். இது அவ வாங்கின எழுபத்தொண்ணா, நான் கொடுத்த எழுபத்தொண்ணான்னு தெரியல. கடைசியில தலைமைத் திருத்துநர்கிட்டப் போயி, இந்தப் பேப்பர் யாருதுன்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு, வேற யாருக்காவது கொடுத்துடுங்கன்னு சொல்லிட்டேன். அவரு வாங்கி வெச்சுக்கிட்டாரு. வேற டீச்சர் திருத்தினாங்க. எவ்வளவு போட்டாங்க தெரியுமா?"

"குறைச்சாங்களா?"

"எழுபத்தி நாலு" என்றாள் நாத்தனார், தலையணை உறையை உதறிக்கொண்டே. "பாசத்துல கூட்டிப் போட்டுடுவோமோன்னு பயந்து பயந்து மூணு மார்க்கைக் குறைச்சிருக்கேன் அண்ணி. நல்லவளா இருக்கணும்னு நெனச்சே அந்தப் பொண்ணு வயித்துல அடிச்சிருப்பேன்."

வலைக்காரி மடித்துக்கொண்டிருந்த துண்டைக் கீழே வைத்தாள். வாயே திறப்பதில்லை என்ற தீர்மானமும் இதுதானே. வாய்தா சொல்வது தப்பென்று தோன்றும்போதும் பேசாமல் இருந்தால், அதுவும் அந்த எண் செய்கிற வேலைதான். இந்தப் பக்கம் சாய்ந்தாலும் அந்தப் பக்கம் சாய்ந்தாலும் எண் உள்ளே வந்துவிடுகிறது. கூட்டத்தில் அவளுக்கு இனி நேரான நாற்காலியே கிடையாது.

"அப்ப சொல்லிடறதா?" என்றாள்.

"சொன்னா வேலை போயிடுமா?"

"தெரியல. பேரு பின்னாடி போகலாம்."

"அண்ணன் நாலாவது தடவை பரீட்சை எழுதணுமே" என்றாள் நாத்தனார். இரண்டு பேரும் சிரித்தார்கள். உள்ளேயிருந்து கணவன், "என் பேச்சு என்ன அங்க?" என்று குரல் கொடுத்தான்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்குக் கேப்டன் அறைக் கதவைத் தட்டினாள். கேப்டன் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். வலைக்காரி உட்காரக்கூட இல்லை. பிரிண்டர், தாள், மூலையில் இருந்த வரி எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னாள். "அதுல மைனஸ் பூஜ்யம்" என்று ஆரம்பித்தவுடன் கேப்டன் தண்ணீர்க் குவளையோடு கையை உயர்த்தினார். பாதித் தண்ணீர் மேசையில் கொட்டியது.

"எண்ணைச் சொல்லிடாதே தாயே. அப்புறம் நானும் வெளியே போகணும்."

அவள் வாயை மூடிக்கொண்டாள். கேப்டன் காகிதத்தால் மேசையைத் துடைத்தார். கோபப்படவில்லை. தொலைபேசியில் பூட்டைக் கூப்பிட்டார். பூட்டு வந்தார், நின்றார், எல்லாவற்றையும் கேட்டார். அவர் முகத்தில் எதையும் படிக்க முடியவில்லை.

"பிரிண்டருக்குப் போனது உங்க தாளா?" என்றார் கேப்டன்.

"ஆமா. என் தப்புதான். என் அறை மெஷினுக்குப் போக வேண்டியது."

"அதுல இருந்தது..." என்று வலைக்காரி அவரைப் பார்த்தாள்.

"நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்" என்றார் பூட்டு. "இதுவா, அதுவா, ஆமா, இல்ல, எதுவும் சொல்ல மாட்டேன். தப்பா நெனச்சுக்காதீங்க."

கேப்டன் முடிவு சொல்ல ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. மறைப்பு நீக்கும் நாள்வரை அவள் குழுவில் இல்லை. கூட்டம் கிடையாது, கடிதப் போக்குவரத்து கிடையாது. அந்த எண்ணைப் பார்த்த நாளிலிருந்து அவள் சொன்ன கருத்துகள் குறிப்பிலிருந்து நீக்கப்படும். தென் துண்டு விவாதம் அவள் இல்லாமல் முதலிலிருந்து நடக்கும்.

"எவ்வளவு நாள் ஆகும்?" என்று கேட்டாள்.

"ஆறு வாரம். வாய்தா இருக்கறதால எட்டுன்னு வெச்சுக்கோ." பிறகு கேப்டன் கொஞ்சம் இறங்கிய குரலில், "கட்டுரையில யார் பேரு எங்கேன்னு அப்புறம் பார்த்துக்கலாம். இப்ப அதைப் பத்தி நான் வாக்குக் கொடுக்க முடியாது" என்றார்.

"சரி" என்றாள்.

படியிறங்கும்போது அழுகை வரும் என்று எதிர்பார்த்தாள். வந்தது பசி. இரண்டு வாரமாகச் சாப்பிட்டதெல்லாம் தொண்டைக்குக் கீழே எங்கே போயிற்று என்றே தெரியாமல் இருந்தது. கீழே உணவகத்தில் இரண்டு முட்டையும் நாலு துண்டு ரொட்டியும் வாங்கி, பெரிய கோப்பைத் தேநீரோடு ஜன்னலோரம் உட்கார்ந்து, அவசரமில்லாமல் தின்றாள். வெளியே தோட்டக்காரர் வேலிச் செடியைக் கத்தரித்துக்கொண்டிருந்தார். தென் துண்டை வெட்டுவதா வைப்பதா என்று இனி அவள் முடிவு செய்ய வேண்டியதில்லை. தோளிலிருந்து மூட்டையை யாரோ இறக்கி வைத்த மாதிரி இருந்தது.

அடுத்த வாரங்கள் வேடிக்கையாகப் போயின. முதலாண்டு மாணவர்களுக்கு வகுப்பு எடுத்தாள். ஐந்து வருடமாக ஒத்திப்போட்ட ஆய்வேட்டுத் திருத்தம் ஒன்றை முடித்தாள். உணவகத்தில் அவள் தட்டோடு வந்தால், மேசையில் இருப்பவர்கள் சட்டென்று பேச்சை மாற்றிக் கால்பந்தைப் பற்றிப் பேசுவார்கள். அவர்களில் பாதிப் பேருக்குக் கால்பந்தில் எத்தனை பேர் ஆடுவார்கள் என்றே தெரியாது. ஒருநாள் வாய்தா மாத்திரம் எதிரில் வந்து உட்கார்ந்தான்.

"உங்க மேல எனக்குக் கோபம் இல்ல" என்றான். "ஆனா சண்டை போட ஆளில்லாம கூட்டமே சப்புனு இருக்கு."

"என்ன முடிவு பண்ணீங்கன்னு சொல்லிடாதே" என்றாள்.

"ஒரு வாரம் கேட்டிருக்கேன். அதை மட்டும் சொல்லலாமில்ல?"

ஐந்தாவது வாரம் தேர்வுக் குழுவின் நேர்காணல் நடந்தது. நீள மேசைக்குப் பின்னால் ஐந்து பேர். பிரிண்டர் விவகாரம் உட்பட எல்லாம் பேசி முடித்த பிறகு, ஓரத்தில் இருந்த வேதியியல் பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டே கேட்டார். "நீங்க சொல்லாமலே இருந்திருந்தா யாருக்கும் தெரிஞ்சிருக்காதே?"

"தெரிஞ்சிருக்காது" என்றாள். "ஆனா சார், நான் கூட்டத்துல பேசினா ஏன் பேசறேன்னு எனக்கே தெரியல. அப்படி ஒரு ஆளை வெச்சுக்கிட்டு அளவு எடுத்தா, அளவு எதுக்கு ஆகும்?"

அவர் ஏதோ குறித்துக்கொண்டார். நல்லதாகவா கெட்டதாகவா என்று தெரியவில்லை. வெளியே வந்தபோது அதைப் பற்றிக் கவலைப்படக்கூடத் தோன்றவில்லை. உண்மையைச் சொல்லியாயிற்று. இனி அவர்கள் பாடு.

எட்டாவது வாரம் வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு மறைப்பை நீக்கினார்கள். பெரிய அரங்கில் நாற்பது பேரும் கூடியிருந்தார்கள். வலைக்காரியைக் கேப்டனே கூப்பிட்டு இரண்டாவது வரிசையில் உட்கார வைத்தார். தென் துண்டை வெட்டிவிட்டதாக அறிவித்தார்கள். பூட்டு மேடையேறித் திறவுச் சொல்லை அடித்தார். தப்பாகப் போயிற்று. சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டு மறுபடி அடித்தார். திரையில் ஒரு பட்டை மெல்ல நகர்ந்தது. யாரோ இருமியதுகூட அரங்கம் முழுக்கக் கேட்டது.

எண் வந்தது. மைனஸ் பூஜ்யம் புள்ளி ஒன்பது எட்டு. பிழை வரம்பு பூஜ்யம் புள்ளி பூஜ்யம் மூன்று.

மைனஸ் ஒன்றிலிருந்து அது விலகவே இல்லை என்று பொருள். கரும் ஆற்றல் அவர்கள் அளந்த அளவில் மாறவில்லை. அரங்கத்தில் கைதட்டல் எழுந்தது. இதுவரை யாரும் இத்தனை துல்லியமாக அளந்ததில்லை என்று கேப்டன் சொல்லிக்கொண்டிருந்தார். வலைக்காரி மட்டும் கை தட்ட மறந்து உட்கார்ந்திருந்தாள். ஒரு துண்டை வெட்டினால் எட்டு ஒன்பது எப்படி ஒன்பது எட்டாகும்? அந்தக் கணக்கு எந்த வழியிலும் வரவில்லையே.

பூட்டு மேடையிலிருந்து இறங்கி நேராக அவளிடம் வந்து, பக்கத்து நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார்.

"இப்பச் சொல்லலாம்" என்றார். "நீங்க பார்த்தது ஒத்திகை. திறக்கற புரோகிராம் சரியா ஓடுதான்னு பார்க்க, கம்ப்யூட்டர்லயே செஞ்ச பொய் வானத்தை வெச்சு ஓட்டினது. அந்த எண்ணுக்கும் நம்ம வானத்துக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது."

அவளுக்கு முதலில் கோபம்தான் வந்தது. "அன்னிக்கே சொல்லியிருக்கலாமே. எட்டு வாரம் சார்."

"எப்படிச் சொல்றது? இன்னிக்கு இது பொய்ன்னு சொல்லிட்டா, இன்னொரு நாள் வேற யாராவது பார்த்துட்டு வந்து நிக்கும்போது நான் சொல்லாம இருந்தாலே அது நெசம்னு ஆயிடும். அதுவும் ஒரு துப்புதானே? எல்லாருக்கும் ஒரே சட்டம்." அவர் வயிற்றைத் தடவிக்கொண்டார். "எட்டு வாரமா எனக்கும் சோறு இறங்கல. உங்க முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் வாய் வரைக்கும் வந்துடும். அதனாலதான் உணவகத்துப் பக்கமே வரல."

அவர் சொன்னது உண்மை. இரண்டு மாதமாக அவரை அங்கே பார்த்ததே இல்லை. கோபம் எங்கே போனதென்று தெரியாமல் போய், வலைக்காரி சிரிக்க ஆரம்பித்தாள். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். பொய் வானத்து எண்ணைக் காப்பாற்றவா பலகையில் படமெல்லாம் போட்டாள்?

முன் வரிசையில் வாய்தா மடிக்கணினியைத் தட்டிக்கொண்டிருந்தவன் திரும்பினான். இனி யாரும் எதையும் மாற்ற முடியாது என்பதால், தென் துண்டைச் சேர்த்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ஆசைக்குப் போட்டுப் பார்த்திருந்தான்.

"மூணாவது தசமத்துல ரெண்டு மாறுது" என்றான். "அவ்வளவுதான். இதுக்கா நாம ரெண்டு பேரும் அடிச்சுக்கிட்டோம்?"

"இதுக்குத்தான்" என்றாள்.

வீட்டுக்குப் போனதும் நாத்தனார்தான் முதலில் கேட்டாள். "என்ன அண்ணி, உங்க கரும் ஆற்றல் என்ன சொல்லுது?"

"ஒண்ணும் மாறல."

"இதைக் கண்டுபிடிக்கவா பதினோரு வருஷம்?"

"ஆமா. மாறலன்னு சொல்றதுக்கும் அளக்கணுமில்ல."

நாத்தனார் கொஞ்சம் யோசித்தாள். "எங்க ஸ்கூல்லயும் சிலது அப்படித்தான். வருஷா வருஷம் பரீட்சை வெச்சு, அதே மார்க்குன்னு உறுதி பண்ணிக்குவோம்."

கட்டுரையில் பெயர்களை அகர வரிசைப்படி போடுவது என்று கேப்டன் முடிவு செய்தார். அவள் பெயர் பதினேழாவதாக வந்தது. மகள் எண்ணிப் பார்த்து, "முதல் பக்கத்துலதான் இருக்கும்மா" என்று தேற்றினாள். அடுத்த செவ்வாய்க்கிழமை மதியம் தேர்வுக் குழுவின் கடிதம் வந்தது. நிரந்தர வேலை. கடிதத்தின் இரண்டாம் பத்தியில், அடுத்த கட்ட அளவெடுப்பின் மறைப்பு விதிகளை எழுதும் பொறுப்பை அவளிடம் கொடுப்பதாகவும் இருந்தது.

கணவன் கடிதத்தை நின்றபடியே இரண்டு தடவை படித்தான்.

"அப்போ இனிமே இந்த ஊருதான்?"

"இந்த ஊருதான்."

"வீட்டுக்காரர்கிட்டக் கேட்டுட்டு சுவத்துல ஆணி அடிச்சுக்கலாமா?"

"அடிச்சுக்கோ" என்றாள்.

அவன் கேட்கவெல்லாம் இல்லை. சுத்தியலைத் தேடிக்கொண்டு நேராக உள்ளே போய்விட்டான். வலைக்காரி செருப்பைக் கழற்றிவிட்டு சோபாவில் நீட்டிப் படுத்தாள். பகல் வெளிச்சம் முகத்தில் விழுந்தது. சுவரில் டொக் டொக்கென்று சத்தம் கேட்கத் தொடங்கியபோது அவள் தூங்கிவிட்டிருந்தாள்.